பழைய சிடியில் உள்ள அரசுக் கோப்புகளை ஆவணக்காப்பகத்துக்குத் தயார் செய்வது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே கோப்பில் வரும். எங்கள் மத்திய அரசு அலுவலகத்துப் பழைய சிடிகளைக் காப்பாற்றியபோது கற்றது இது.

1993ஆம் வருடப் பொது ஆவணச் சட்டப்படி கணினியில் உருவானதும் அரசு ஆவணம்தான். விதியை மீறி அழித்தால் 5 வருடம் வரை சிறை. எதையும் நீக்குமுன் ஆவண அதிகாரியிடம் கேளுங்கள்.

1. சிடியை அப்படியே ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். வேர்டில் திறந்து சேமித்துவிடாதீர்கள், கோப்பு மாறிவிடும்.

2. செவன்-ஜிப் என்ற மென்பொருளை நிறுவினால், கோப்பின் மேல் வலது கிளிக் செய்ததும் எஸ்எச்ஏ-256 வரும். அது கோப்பின் கைரேகை மாதிரி. அது தரும் 64 எழுத்தைத் தனியே குறித்து வையுங்கள். பின்னாளில் அதே 64 வந்தால் கோப்பு மாறவில்லை.

3. நான் இடறியது இங்கேதான். 64 எழுத்தும் சரியாக இருந்தது. ஆனால் திறந்தால் தமிழே இல்லை, கிறுக்கல். இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய டாம் வகை எழுத்துருவில் அடித்த கோப்பு அது. எழுத்துரு பழைய கணினியோடு போய்விட்டது. விவரம் தெரியாமல் பிடிஎஃப் ஆக்கினேன். கிறுக்கல்தான் பத்திரமாயிற்று.

அதனால் பழைய கணினியைக் கழிக்குமுன் அதன் ஃபான்ட்ஸ் கோப்புறையை எடுத்து வையுங்கள். எழுத்துருவை நிறுவி, தமிழ் சரியாகத் தெரிந்த பிறகே பிடிஎஃப்/ஏ (நெடுநாள் காப்புக்கான பிடிஎஃப் வகை) ஆக்குங்கள். எனக்கு லிப்ரே ஆபீஸ்தான் பிடிக்கும்: ஏற்றுமதிப் பெட்டியில் ஒரு டிக் போதும், எழுத்துருவும் உள்ளேயே பொதிந்துவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பது பழைய குறியீடுதான், அதனால் அந்த பிடிஎஃப்பில் 'தீர்மானம்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. தேடக் கிடைக்காத கோப்பு 25 வருடம் கழித்து யாருக்கு உதவும்? பழைய குறியீட்டை மாற்றித் தரும் என்எச்எம் கன்வர்ட்டர் மென்பொருளில் யூனிகோடு நகலும் எடுங்கள்.

4. மூலம், பிடிஎஃப்/ஏ, யூனிகோடு நகல் மூன்றையும் ஒரே கோப்புறையில் போடுங்கள். கோப்பு எண், தேதி, பிரிவு, எழுத்துருவின் பெயர் எழுதிய குறிப்பும் வேண்டும். மாற்றியாயிற்றே என்று மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

பின்சேர்க்கை: பாலக்காட்டுச் சித்தூர் நண்பர் ஒருவருக்கு மாற்றிய கோப்பில் ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் கிறுக்கலாயின. டாம், பாமினி என்ற பழைய எழுத்துரு வகைகள் இரண்டும் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தவை. தமிழ், ஆங்கிலம் இரண்டுக்கும் இடம் வைத்த டாப் வகை எழுத்துருவில் இந்தச் சிக்கல் இல்லை. கலப்புக் கோப்பானால் தமிழ் வரிகளை மட்டும் பிரித்து மாற்றுங்கள். பிறகு மூலத்தைப் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள்.