லடாக் போறீங்களா? முதல்ல ரெஸ்ட் எடுங்க

லடாக்ல ஃப்ளைட் இறங்குற லே ஊரே சுமார் 3,500 மீட்டர் உயரம், காத்துல ஆக்ஸிஜன் கம்மி, அதனால ஃப்ளைட்ல போய் இறங்குனா முதல் ரெண்டு நாள் எங்கயும் சுத்தாம ரூம்லயே ரெஸ்ட் எடுங்க, தண்ணி நிறைய குடிங்க, சரக்கு வேணாம். தலைவலி, வாந்தி வந்து குறையலன்னா மேல ஏறவே கூடாது, கீழ இறங்கிடணும், இதுல ப்ளீஸ் விளையாடாதீங்க. அப்புறம் கர்துங் லா கணவாய் தாண்டி நுப்ரா பள்ளத்தாக்குக்கு போலாம், கணவாய் உச்சில ரொம்ப நேரம் நிக்காம போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுங்க.

நுப்ராவுல இருக்கிற ஹுண்டர் கிராமத்துல மணல்மேடு, பின்னாடியே பனிமலை, நடுவுல ரெட்டை திமில் ஒட்டகம், செம அழகு! சாயங்காலம் போங்க, ஆனா வெயில் இறங்குனதும் குளிர் சட்டுனு ஏறும், ஜாக்கெட் கையிலயே இருக்கட்டும். நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் அங்க வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எடுத்துட்டு போங்க.