பிளேக் சந்தேகமா? சிலைடுக்குச் சாயமிடுவது எப்படி

பிளேக் என்று சந்தேகிக்கும் நோயாளியின் வீங்கிய நெறிக்கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த திரவம் வந்தால், ஆய்வகத்தில் முதலில் கிராம் சாயம் (பாக்டீரியாவை நிறத்தால் இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டும் முறை) இட்டுப் பார்ப்பார்கள். கல்ச்சர், அதாவது மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது, ஓரிரு நாள் ஆகும். சிலைடு அரை மணி நேரத்துக்குள் தயாராகிவிடும். புதிதாகக் கற்பவர்கள் நோயாளியின் மாதிரியைத் தொட வேண்டாம். தீங்கற்ற ஆய்வக வகை ஈ. கோலை பாக்டீரியாவை வைத்துப் பழகினாலே போதும்.

படி 1: கையுறை, மேலங்கி அணிந்து, பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் (கிருமி வெளியே பரவாமல் காற்றை வடிகட்டும் பெட்டி) சிலைடில் ஒரு சொட்டை மெல்லியதாகத் தடவுங்கள். தடித்த பூச்சில் எதுவும் தெளிவாகத் தெரியாது. காற்றில் உலரவிட்டு, மெத்தனாலில் 2 நிமிடம் நிலைப்படுத்துங்கள். தீயில் காட்டுவதைவிட இதில் செல்லின் வடிவம் கெடாமல் இருக்கும்.

படி 2: கிரிஸ்டல் வயலட் (ஊதாச் சாயம்) 1 நிமிடம், நீரில் அலசல். அப்புறம் அயோடின் 1 நிமிடம், மறுபடி அலசல்.

படி 3: நிறநீக்கம். கிராம் சாயத்தில் முடிவு தவறுவது பெரும்பாலும் இங்கேதான். சிலைடைச் சாய்த்துப் பிடித்து, ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வழியும் திரவத்தில் ஊதா நின்றதும், அந்த நொடியே நீரில் அலசுங்கள். கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வை ஆல்கஹால் கரைப்பதால் ஊதா வெளியேறிவிடும்; தடித்த சுவர் கொண்ட கிராம் பாசிட்டிவ் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் நேரம் கூடினால் அதுவும் நிறம் இழந்து ஏமாற்றும். அதனால் முடிவு தெரிந்த இரண்டு பாக்டீரியாக்களை (ஒன்று பாசிட்டிவ், ஒன்று நெகட்டிவ்) ஒவ்வொரு முறையும் கூடவே சாயமிடுங்கள். இதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

படி 4: சாஃப்ரனின் (ஊதாவை இழந்தவற்றுக்கு இளஞ்சிவப்பு ஏற்றும் சாயம்) 1 நிமிடம், அலசி உலர்த்தி, எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸில் பாருங்கள்.

பிளேக் கிருமியான யெர்சினியா பெஸ்டிஸ் இளஞ்சிவப்பாக, குட்டையான தடித்த கோல்களாகத் தெரியும். இரு முனைகளும் அடர்ந்து நடு வெளிறியிருப்பதுதான் அதன் பேர்போன அடையாளம். பார்க்க மூடிய ஊக்கு போல இருக்கும். கிராம் சாயத்தில் இது சரியாகத் தெரியாமல் போகலாம். அதற்குத்தான் வேசன் அல்லது கீம்சா சாயம். வேசனில் பேசிக் ஃபுக்சினும் மெத்திலீன் ப்ளூவும் கலந்திருக்கும். இன்னொரு சிலைடில் சில நொடிகள் விட்டு அலசினால் போதும், நீல முனைகள் பளிச்சென்று தெரியும்.

பாஸ்டுரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்களும் இதே முனைச் சாயத்தைக் காட்டும். அதனால் அறிக்கையில் "பிளேக்" என்று எழுதாமல், "இருமுனைச் சாயம் ஏற்கும் கிராம் நெகட்டிவ் குறுங்கோல்கள்" என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். உடனே மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் ஆன்டிபயாடிக்கை அவர் அப்போதே தொடங்குவார். மிச்ச மாதிரியைக் கல்ச்சர், எஃப்1 ஆன்டிஜன் (பிளேக் கிருமியின் உறைப் புரதம்), பிசிஆர் (கிருமியின் டிஎன்ஏவைத் தேடுவது) சோதனைகளுக்காக உயர்நிலை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சிலைடைத் துடைத்துவிடாமல் எடுத்து வையுங்கள், அவர்களும் அதைப் பார்க்கக் கேட்கலாம்.