வால்பாறை மலைப்பாதை: ஏறும்போதும் இறங்கும்போதும்

பொள்ளாச்சி–வால்பாறை சாலை, மாநில நெடுஞ்சாலை 78, ஏறத்தாழ 64 கி.மீ. கோட்டூர், அங்கலக்குறிச்சி வழியாக ஆழியாறு வரை சமவெளிதான். அதற்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆங்கிலேயர் காலத்துக் காபி, தேயிலைத் தோட்டங்களுக்காகப் போடப்பட்ட பாதை இது. 9ஆம் வளைவிலுள்ள லோம்ஸ் காட்சிமுனை, பாதை அமைத்த பொறியாளர் லோமின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து ஆழியாறு அணை முழுதாகத் தெரியும். வரையாடுகள் சாலைக்கே வரும். தின்ன எதுவும் கொடுக்காதீர்கள்.

பொள்ளாச்சியிலேயே டயர் காற்று, பிரேக் ஆயில் அளவு பார்த்துவிடுங்கள். இ-பாஸையும் முன்னதாகவே எடுத்துவையுங்கள். ஆழியாறு சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பைகளைத் தேடிப் பறிமுதல் செய்வார்கள்.

ஏறும்போது வளைவுக்குள் போய் கியர் மாற்றாதீர்கள். ஹாரன் அடித்து, முன்பே இரண்டாவதுக்கோ முதலாவதுக்கோ குறைத்துவிட்டு நுழையுங்கள். இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் உள்ஓரம்தான் மிகச் செங்குத்து. அதை ஒட்டித் திருப்பினால் சின்ன கார்கள் திணறி நின்றுவிடும். மேலிருந்து பேருந்து வருவது தெரிந்தால் வளைவுக்கு 10–15 மீட்டர் முன்பே நின்றுவிடுங்கள், அதற்குத் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். மற்றபடி ஏறுகிற வண்டிக்கே முதல் வழி.

பெரும்பாலோர் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையான ஆபத்து இறக்கத்தில். பிரேக்கில் கால் வைத்தபடியே 40 வளைவுகளையும் இறங்கினால் பட்டைகள் சூடேறிப் பிடிமானம் போகும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழ் விட்டால் பெடல் பஞ்சுபோல் உள்ளே இறங்கிவிடும். ஏறிய அதே கியரிலேயே இறங்குங்கள், வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்தி, விட்டு, மீண்டும் அழுத்துங்கள். நியூட்ரல் கூடவே கூடாது. பைக்கில் கிளட்ச்சைப் பிடித்தபடி உருளுவதும் அதே தப்புதான். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி, கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும்.

அட்டகட்டி தாண்டி கவர்க்கல் பகுதியில் பகலிலேயே மூடுபனி இறங்கும். பனி விளக்கு இல்லாவிட்டால் டிம் வெளிச்சம் போதும். பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். யானை நின்றால் ஹாரன் அடிக்காமல் தொலைவிலேயே காத்திருங்கள்.

ஊருக்குச் சற்று முன், புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருந்தாலும் தரையிலும் இறங்கும். அங்கே 20 கி.மீ. வேகத்துக்கு மேல் வேண்டாம்.