"முதல்ல நாமளே விசாரிப்போம்" என்பதில்தான் கெடுகிறது

"மிஸ், அந்த சார் பக்கத்துல வந்தாலே பயமா இருக்கு" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், பல பள்ளிகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான். ஹெச்.எம். அறைக் கதவைச் சாத்துவார்கள். அந்த சாரையும் வரவழைப்பார்கள். "அவர் முன்னாடியே சொல்லு, என்ன நடந்தது?" எட்டாவது படிக்கிற பிள்ளை என்ன சொல்லும்? தரையைப் பார்த்துக்கொண்டே "ஒண்ணுமில்ல மிஸ்" என்று போய்விடும். விசாரித்தாயிற்று, புகாரில் உண்மை இல்லை!

பள்ளி விசாரித்து உண்மையைக் கண்டுபிடித்த பிறகுதான் போலீஸ் என்று, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012 போக்சோ சட்டத்தில் எங்கும் இல்லை. நடந்தது தெரிந்தாலோ, நடந்துவிடுமோ என்று அஞ்சினாலோ போலீஸிடம் சொல்ல வேண்டும். ஆதாரம் தேடுவது அவர்கள் வேலை. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததைப் பள்ளித் தலைமை சொல்லாமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது.

அப்புறம் சமரசம். அப்பாவைக் கூப்பிட்டு, "பொம்பளப் புள்ள, பேரு கெட்டுடும்" என்று சொல்லி டி.சி.யைக் கையில் கொடுப்பார்கள். ராஜஸ்தானில் மாணவியின் தந்தையும் ஆசிரியரும் சமரசம் செய்துகொண்டதால் உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. அது செல்லாது, வழக்கு நடக்கட்டும் என்றது உச்ச நீதிமன்றம், 2024 நவம்பரில். "சட்டைக்கு மேலதானே தொட்டார்" என்ற சாக்கு 2021-லேயே அங்கே அடிபட்டுவிட்டது. தொடவே வேண்டாம், ஆபாசப் பேச்சு, போனில் ஆபாசப் படம் காட்டுவது, விடாமல் பின்தொடர்வது எல்லாமே குற்றம்தான். பையன்களுக்கும் இதே சட்டம்தான். அவர்கள் சொன்னால் சிரித்துவிடுகிறோம், அது தனிக் கொடுமை.

பெற்றோர் செய்யும் தவறு, பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்பது. ஒருமுறை கேட்டு, அது சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். கோபத்தில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். ஸ்டேஷன் என்றால் பயமா? வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம்; வருகிற அதிகாரி சீருடையில் வரக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ, தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கோ போன் போட்டும் சொல்லலாம்.

வகுப்பறையைப் பெருக்கவும், விழாவில் தட்டு ஏந்தி நிற்கவும் பெண் பிள்ளைகளை மட்டும் கூப்பிடுகிற பள்ளியில், "முடியாது சார்" என்று சொல்லிப் பழகாத பிள்ளை இதை மட்டும் எப்படிச் சொல்லும்?

அதற்குத்தான் புகார்ப் பெட்டி என்பார்கள். ஒரு பள்ளியில் அதை ஹெச்.எம். அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே மாட்டியிருந்தார்கள். பூட்டு துருப்பிடித்திருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டேன். "பி.டி. சார் வச்சிருப்பார்" என்றார்கள்.