மட்கா, எரிவாயுவா? கொல்லையில் இரண்டு தோங் வைத்துப் பார்த்தாயிற்று

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இப்போது இரண்டும் ஓடுகின்றன: ஒரு தோங்கில் (பீப்பாயில்) சமையல் கழிவு மட்கி உரமாகிறது, இன்னொன்றில் சாணத்திலிருந்து அடுப்புக்கு எரிவாயு. எதைத் தொடங்குவது என்று கேட்டால், எரிவாயுவுக்குப் புதுச் சாணம் வேண்டும், பக்கத்தில் மாடு வளர்ப்பவர் இல்லாதவர்கள் மட்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மட்குக்கு, தோங்கில் ஓட்டை போட்டு, சமையல் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த இலையோ மரத்தூளோ இரண்டு மூன்று பங்கு. வாரம் ஒருமுறை கிளறுங்கள். சாயங்கால மழை இறங்கினால் நாறும், தகரம் மூடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் உரம். செம்பனை மட்டை வேண்டாம், பாராங் கத்திதான் மழுங்கும்.

எரிவாயுவுக்கு 200 லிட்டர் தோங்கில் சற்றுச் சிறிய தோங்கைக் கவிழ்த்து, தலையில் வால்வு. தீனி ஊற்ற ஒரு நிரப்பும் குழாய், பழைய கரைசல் வெளியேற ஒரு வழியும் குழாய். லோரி டயரின் உள் டியூப்பில் வாயு பிடிப்பது எனக்குப் பிடிக்காது. மிதக்கும் தோங் எழும்பியிருந்தால் வாயு உண்டு, பார்த்தாலே தெரியும். கசிவுக்குச் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள்.

புதுச் சாணமும் தண்ணீரும் சரிபாதி. குழாய்த் தண்ணீரென்றால் ஒருநாள் திறந்து வையுங்கள், குளோரின் போகட்டும். நம் ஊர் வெயிலுக்குச் சூடேற்றத் தேவையில்லை. முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு, எரியாது. திறந்துவிட்டு இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். எரிகிறதா என்று அடுப்பில்தான் பார்க்க வேண்டும், தோங் பக்கத்தில் தீக்குச்சி கூடாது.

நான் கோட்டை விட்டது அதற்குப் பிறகு. கோயில் அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றை அரை வாளி கொட்டினேன். மறுநாள் மிதக்கும் தோங் நன்றாக மேலெழும்பியது. வீட்டுக்காரியிடம் பெருமையடித்தேன். மூன்றாம் நாள் அடுப்பு பற்றவில்லை, புளித்த மாவு வாடை. அமிலம் உண்டாக்கும் கிருமிகள் வேகமானவை, எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்குபவை மந்தமானவை. சோறு கூடினால் முன்னவை முந்தி, பின்னவை முடங்கிவிடும். பத்து நாள் தீனியை நிறுத்தி, சாணக் கரைசலும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீரும் ஊற்றினேன். அப்புறம்தான் நீலச் சுவாலை திரும்பியது. இப்போது நாளுக்கு ஒரு கிலோ சமையல் கழிவு, அரைத்து, அதே அளவு தண்ணீரோடு. வரும் வாயு சின்ன அடுப்பில் இருபது நிமிடம். தேத்தண்ணிக்குப் போதும், கறிக்குப் போதாது.

பின்சேர்க்கை: வாயுவில் அழுகிய முட்டை வாடை வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அது ஹைட்ரஜன் சல்பைடு, மூச்சுக்கு ஆகாது. குழாய் வழியில் ஒரு போத்தலில் இரும்பு நார் அடையுங்கள். பளபளக்கும் சட்டி தேய்க்கும் நார் உதவாது, நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். துருப்பிடிக்கிற இரும்பு நார்தான் வேண்டும்.