முதலில் தண்ணீர், அப்புறம் மீன்

பெங்களூர் அல்சூரில் எங்கள் மேல் வீட்டுப் பையன் போன மாதம் ஓடி வந்தான். "அண்ணா, மீனெல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறக்குது!" தொட்டி வாங்கி நான்கே நாள், அதற்குள் 12 மீன். தண்ணீரோ பளிங்கு போல இருந்தது. அதை நம்பித்தான் நானும் என் முதல் தொட்டி மீன்களைப் பறிகொடுத்தேன்.

1. குழாயில் வருவது எந்தத் தண்ணீர்?
காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து, ஏர் பம்பு ஓடவிட்டு ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் ஆன்டி குளோரின் சொட்டு. போர்வெல் தண்ணீர் பொதுவாகக் கடினமானது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். பெங்களூர் அடுக்குமாடிகளில் இரண்டும் ஒரே சம்பில் (தரைக்கடித் தொட்டியில்) விழும், கோடையில் டேங்கர் லாரியும் சேரும். வாட்ச்மேனைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார். வெறும் ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம், தாது உப்பு இல்லாததால் அதில் பி.எச். (அமில, கார அளவு) நிலைக்காது.

2. மீன் இல்லாமல் தொட்டியை ஓட்டுங்கள்
யாரும் செய்ய விரும்பாத வேலை இது. பில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டை ஓரளவு தாங்கும். இந்த பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். தெரிந்தவர் தொட்டியில் ஓடிய, இந்த பாக்டீரியா குடியிருக்கும் பில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால், பாலுக்கு உறை ஊற்றியது மாதிரி, சீக்கிரம் வேலை நடக்கும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் கொஞ்சம் என்று காட்டினால் தொட்டி தயார்.

3. மீன் விடுவது
முதலில் மூன்று நான்கு போதும். கடினத் தண்ணீருக்கு கப்பி, மோலி பொருந்தும். நியான் டெட்ராவுக்கு மென்மையான தண்ணீர்தான் பிடிக்கும். பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கு ஹீட்டர் வேண்டும்.

4. வாராவாரம்
கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். ஸ்பாஞ்சை, எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயடியில் கழுவினால் குளோரின் பட்டு பாக்டீரியா செத்துப் போகும்.

5. மீனைக் கவனியுங்கள்
மேலே வந்து வாய் பிளந்தால் ஆக்சிஜன் குறைவு, அல்லது அம்மோனியா, நைட்ரைட். (ஃபைட்டர், கௌராமி போன்ற சில மீன்கள் இயல்பாகவே மேலே வந்து காற்றை விழுங்கும், பயப்படாதீர்கள்.) கல்லில் உரசிக்கொண்டு, உடம்பில் உப்புத் தூவியது போலப் புள்ளி இருந்தால் வெள்ளைப்புள்ளி நோய். தண்ணீர் மாற்றியதும் துடுப்பை ஒடுக்கி மூலையில் நின்றால், சம்பில் தண்ணீர் மாறியிருக்கலாம். பி.எச். கூடினால் அதே அளவு அம்மோனியாவுக்கு விஷமும் கூடும். அதனால் புதுத் தண்ணீரை ஊற்றும் முன் அதன் பி.எச்.சையும் சோதியுங்கள்.

பையன் தொட்டியில் அன்றே பாதித் தண்ணீரை மாற்றினோம், இரண்டு நாள் தீனியை நிறுத்தினோம். ஏழு மீன் தப்பித்தன. என் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.