மீட்டரைக் கழற்றும் முன் வயரைப் பாருங்கள்

மதுரை அண்ணா நகர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடி. 24 வீடு. ஜெனரேட்டர் கரண்டுக்கு வீட்டுக்கு ஒரு சப்-மீட்டர். எல்லாவற்றையும் ஒரே ஆர்.எஸ்.485 கேபிளில் (ஏ, பி என்று முறுக்கிய இரண்டு கம்பியில் பல மீட்டர்கள் கணக்கு அனுப்பும் முறை) கோத்து வாட்ச்மேன் ரூம் கம்ப்யூட்டரில் முடித்திருந்தார்கள். சாயங்காலமானால் மூன்றாம் மாடி மீட்டர்கள் ஆறும் திரையிலிருந்து காணாமல் போகும். ராத்திரி பத்து மணிக்கு மேல் தானாகவே வந்துவிடும். நான் போய்ச் சேர்வதற்குள் அதில் நாலை மாற்றிவிட்டார்கள். "புதுசும் அதே வேலையத்தாண்ணே காட்டுது" என்றான் அங்கிருந்த தம்பி.

ஆறு மீட்டரும் ஒரே நேரத்தில் கெட்டு, ஒரே நேரத்தில் சரியாகுமா? அந்த ஆறுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும். ஒரே ஒரு மீட்டர் பேசவில்லை என்றால் அதைச் சந்தேகப்படலாம். அப்போதும் ஏ, பி வயர்கள் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எது ஏ, எது பி என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். எழுத்தை நம்பாமல் ஒருமுறை மாற்றிக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். புது மீட்டர் மாட்டியவர்கள் முகவரி எண்ணை, அதாவது கம்ப்யூட்டர் அந்த மீட்டரைக் கூப்பிடும் எண்ணை, வைக்க மறந்துவிடுவதும் உண்டு. இரண்டு மீட்டருக்கு ஒரே எண் இருந்தால் இரண்டும் ஒன்றாகப் பதில் சொல்லும், ஒன்றும் புரியாது. நாமோ வயர் கோளாறு என்று வயர் ஓடும் டக்ட் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருப்போம்.

அடுத்த தவறு, கோளாறு இல்லாத நேரத்தில் போய்த் தேடுவது. சாயங்காலம் வரும் கோளாறுக்குச் சாயங்காலம்தான் போக வேண்டும். போனதும் கேபிளை நடுவில் பிரித்து, கம்ப்யூட்டர் பக்கத்துப் பாதி ஒழுங்காகப் பேசுகிறதா என்று பாருங்கள். பேசினால் கோளாறு அடுத்த பாதியில். அதையும் பாதியாக்குங்கள். 24 மீட்டருக்கு அதிகம் போனால் ஐந்து தடவை பிரித்தால் போதும். ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டினால் பொழுது விடிந்துவிடும்.

அன்றைக்கு நாலாவது தடவையில் ஆள் சிக்கினான். இரண்டாம் மாடி டக்டுக்குள் கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். டேப்பைப் பிரித்தால், கையால் முறுக்கிவிட்ட செம்புக் கம்பி பச்சை பூத்துக் கிடக்கிறது. ஐப்பசி மழையில் சுவர் ஓதம் இறங்கியிருக்கிறது. அதே ஜாயின்டை லிஃப்ட் மோட்டார் கேபிளோடு ஒரே டையில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆபீஸ், ஸ்கூல் விட்டு எல்லோரும் வரும் நேரத்தில் லிஃப்ட் ஓயாமல் ஏறி இறங்கும், அதன் மின் இரைச்சல் அந்தப் பச்சை பூத்த கம்பி வழியாக சிக்னலுக்குள் வரும். கழற்றிப் போட்டிருந்த நாலு மீட்டரையும் மேசையில் வைத்துச் சோதித்தேன். நாலும் நல்லாத்தான் இருந்தன.

சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் இருக்க ரெசிஸ்டர் போடுவதுதான் டெர்மினேஷன். அந்த விஷயத்தில் நடக்கும் கூத்து தனி. 120 ஓம் ரெசிஸ்டர் கேபிளின் இரண்டு முனையில் மட்டும்தான் வர வேண்டும். "சிக்னல் நல்லா வரும்னு எல்லா மீட்டருக்கும் போட்டுட்டேன் சார்" என்று பெருமையாகச் சொன்னவரைப் பார்த்திருக்கிறேன். 24 சேர்ந்தால் 5 ஓம்தான், கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரி. பவரை ஆஃப் செய்து ஏ-க்கும் பி-க்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 60 ஓம் பக்கம் காட்டினால் இரண்டு முனையும் சரி. 120 என்றால் ஒரு முனையில் இல்லை அல்லது வழியில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. 40 என்றால் நடுவில் யாரோ மூன்றாவதைச் செருகியிருக்கிறார்கள்.

மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (கம்பி அறுபடவில்லை என்று சொல்லும்) பீப் அடித்ததும் வயர் நல்ல வயர் என்று முடிவுகட்டாதீர்கள். ஒன்றோடொன்று முறுக்கிய ஒரு ஜோடியில் ஒரு கம்பியும் இன்னொரு ஜோடியில் ஒரு கம்பியும் எடுத்து இணைத்தாலும் பீப் அடிக்கும். ஆனால் முறுக்கின் பலன் போய்விடும், இரைச்சல் உள்ளே வரும். கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டுக்கு எர்த் ஒரு முனையில் போதும். மாடிக்கு மாடி டீ அடித்து நீளமாகக் கிளை பிரிக்காதீர்கள், மாலை கோத்த மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓட வேண்டும்.

லிஃப்ட், மோட்டார் ஓடும் பொது மீட்டரில் சி.டி. (பெரிய கரண்டைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) இருந்தால் கோளாறு வேறு மாதிரி வரும். மூன்று ஃபேஸிலும் சமமான லோடு இருந்து ஒரு சி.டி. மட்டும் திரும்பியிருந்தால், மீட்டர் மூன்றில் ஒரு பங்குதான் காட்டும். "பொதுக் கரண்டு செலவு குறைஞ்சிருச்சு" என்று செயலாளர் சந்தோஷப்படுவார். சோதிக்கிறேன் என்று கரண்ட் ஓடும்போது சி.டி. வயரை மட்டும் கழற்றிவிடாதீர்கள். முனையில் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்டேஜ் ஏறும், முதலில் சி.டி.யின் இரண்டு முனையையும் ஷார்ட் செய்த பிறகே கை வைக்க வேண்டும். மின்வாரியம் சீல் வைத்த மீட்டர் பக்கமே போக வேண்டாம், நம் வேலை அதற்கு அப்புறம்தான்.

அண்ணா நகர் வேலை முடிந்ததும், எந்த மாடியிலிருந்து எந்த மாடிக்கு வயர் போகிறது, எந்த மீட்டருக்கு எந்த எண், கடைசி ரெசிஸ்டர் எங்கே என்று டி.பி. (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவிட்டு வந்தேன். அந்தத் தம்பி அதை போனில் படம் பிடித்துக்கொண்டான்.